சுவருக்கு மேலே கொடுப்பது பூனைக்கு

அக்காவிடம் நான் வாங்கிய முதல் திட்டு ஒரு டப்பா அதிரசத்துக்காக.

கொல்லிமலைக்கு மாற்றலாகிப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, தீபாவளி வந்துவிட்டது. வாசலூர்பட்டியில் எனக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். அந்த வீட்டில் இருப்பவர் கால்நடை ஆய்வாளர், கிறிஸ்தவர், தாராபுரம் பக்கத்துக்காரர் என்பது மட்டும்தான் தெரியும். அம்மா ராசிபுரத்திலிருந்து கொடுத்தனுப்பிய அதிரசத்தில் பத்தை டப்பாவில் போட்டு, சுவருக்கு மேலே நீட்டி, "அக்கா, இந்தாங்க" என்றேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"ஏன் கண்ணு, உன்ற ஊட்டுக்கு வாசல் இல்லையா?"

"இருக்குதுங்க்கா."

"என்ற ஊட்டுக்கும் இருக்குது. சுத்தி வந்து, 'தீவாளி நோம்பிங்க, வாங்க'ன்னு ஒரு வார்த்தை கூப்பிடு. வந்து உக்காந்து திங்கறேன். செவுத்துக்கு மேல குடுக்கறது பூனைக்கு."

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. ஆசையாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே, என்ன திமிர் இந்தப் பொம்பளைக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே டப்பாவை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். என் ரோஷம் அரை மணி நேரம் தாங்கியது. பண்டிகையும் அதுவுமாக முன்பின் தெரியாத ஊரில் தனியாக உட்கார்ந்து அதிரசம் தின்பதைவிடப் பெரிய தண்டனை உண்டா? சுற்றிப் போய்க் கூப்பிட்டேன். அவர் உடனே வரவில்லை. சேலை மாற்றி, தலை வாரி, கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு என் வாசல் வழியாக, விருந்துக்கு வரும் ஒறம்பரைபோல வந்தார். நான்கு அதிரசம் தின்றார். "உங்கம்மாளுக்குப் பாகுப் பதம் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் போன் போட்டு, "பேரைப் போடறதுக்கு முன்னால என்னைக் கூப்பிட்டுக் கேட்டியா?" என்று ஆரம்பிப்பார். யாரால் முடியும்?

மலையில் எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "நான் டாக்டரு இல்லீங்க, இன்ஸ்பெக்டரு" என்று ஒவ்வொரு ஊரிலும் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார். தோளில் ரெக்சின் பை, கையில் தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டி, காலில் ரப்பர் பூட்ஸ். மலையிலேயே இருக்கும் அரியூர் நாட்டில் குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் அவர் நடந்து வந்தால் அரை மைலுக்கு முன்பே குரல் வந்துவிடும். படலுக்கு வெளியே நிறுத்தி மோர் நீட்டினால் குடிக்கமாட்டார். "உள்ள வாங்கன்னு சொல்லுங்க, குடிக்கறேன்" என்பார். அதே கணக்குத்தான் அவருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று, "வரலாங்களா?" என்று கேட்காமல் உள்ளே கால் வைக்கமாட்டார். கட்டுத்தறியில் நிற்கும் மாட்டின் திமிலைத் தட்டி, "என்ன அம்மிணி, குத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசி போடுவார். மாடு என்ன சொல்லும்? ஆனாலும் கேட்பார்.

இனி என் பாவத்தைச் சொல்லியாக வேண்டும். நான் எந்த ஆபீஸில் வேலை பார்த்தேன் என்று சொல்லமாட்டேன், அங்கே இன்னும் நல்லவர்கள் சிலர் இருக்கிறார்கள். டிசம்பர் கடைசியில் படகுத்துறைக்குக் கூட்டம் கூட்டமாகச் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள். அதற்கு முன்னால் 'சுத்தம் செய்வது' என்று ஒரு வேலை உண்டு. குப்பையை அள்ளுவார்கள், சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், சந்தைக் கொட்டகையில் படுத்துக் கிடக்கும் இளவட்டங்களை ஒரு டெம்போவில் ஏற்றி, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, காரவள்ளியில் தள்ளிவிட்டு வருவார்கள்.

அவர்கள் யார் என்றால், பதினேழு பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயது வரைக்குமான பிள்ளைகள். கிழங்கு லோடு ஏற்ற லாரியில் வந்து, லாரி போன பிறகு இங்கேயே நின்றுவிட்டவர்கள். வீட்டில் அடி தாங்காமல் பஸ் ஏறியவர்கள். பகலில் படகுத்துறையில் காலி பாட்டில் பொறுக்குவார்கள், கடைகளுக்குத் தண்ணீர் தூக்குவார்கள். சந்தை கூடாத நாளில் கொட்டகையில் படுக்கை, சந்தை நாளில் பூட்டிய கடைகளின் ஓரத்தில்.

முதல் வருடம் டெம்போவில் ஏற்றவேண்டியவர்களின் பட்டியலை எழுதியது நான்தான். பெயர், வயது, முகவரி. முகவரிக் கட்டத்தில் வரிசையாக 'இல்லை, இல்லை, இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். டெம்போ போய்விட்டது. அன்று சாயங்காலம் அக்கா கடைசி பஸ் பிடித்துக் கீழே போனார், மறுநாள் நான்கு பேரோடு திரும்பி வந்தார். மற்ற ஐந்து பேர் கிடைக்கவில்லை. அதன்பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் சுற்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

"அட்ரஸ்னு இருக்கற எடத்துல என்ன எழுதுனே?"

"இல்லைன்னு."

"ஏசு பொறந்த அன்னிக்கு அவருக்கு என்ன கண்ணு அட்ரஸ்? எடமில்லைன்னு சொல்லி வாசலைச் சாத்துனான் பாரு சத்திரக்காரன், அவன் பேரு ஆருக்காச்சும் தெரியுமா? தெரியாது. பேரில்லாத ஆளாப் போயிட்டான். நீ போயி அவன் பக்கத்துல நின்னுட்டே."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். விடவில்லை. தம்பி படித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு, கீழே எந்த ஊரிலிருந்தோ ஒரு வேன் வந்தது. நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லக் கூடாது. கேக் பொட்டலம், ஸ்வெட்டர், சிவப்புத் தொப்பி, ஒரு பெரிய பேனர். கொட்டகைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பொட்டலத்தைக் கொடுத்து, விடாமல் பிடித்துக்கொண்டு, "கேமராவைப் பாருங்கப்பா, சிரிங்க" என்றார்கள். அக்கா ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு முழங்கை வரை அழுக்கோடு அந்த வழியாக வந்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல கேக் வெட்டுனா பேரப்புள்ளைகளை வரிசையில நிக்க வெச்சுத்தான் குடுப்பீங்களா?"

மைக் வைத்திருந்தவர் கொஞ்சம் தடுமாறி, "நாங்க ஊழியம் செய்ய வந்திருக்கோம் சிஸ்டர்" என்றார்.

"தாராளமாச் செய்யுங்க. மொதல்ல உக்காருங்க. நீங்களும் உக்காருங்க, அவங்களும் உக்காரட்டும். பேரைக் கேளுங்க, உங்க பேரைச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டு பேருமாத் தின்னுங்க. கேக் எங்கீங்க ஓடிப்போகுது?"

முக்கால்வாசிப் பேர் வேனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று பேர் மட்டும் கொட்டகைத் தரையில் உட்கார்ந்தார்கள். அதில் ஒரு அம்மாள் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. கிளம்பும்போது பேனரை மடித்து, படுக்க விரித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குள் எங்கள் ஆபீஸில் மறுபடி பட்டியல் எழுதும் நாள் வந்துவிட்டது. நான்தான் எழுதினேன், வேறு யார் எழுதுவார்கள்? ஆனால் இந்த முறை முகவரிக் கட்டத்தில் பதினோரு பேருக்கும் 'சந்தைக் கொட்டகை, வாசலூர்பட்டி' என்று எழுதினேன். அதிகாரி சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக அடித்தார். இருபத்து நான்காம் தேதி காலையில் டெம்போ என்றார். அன்றைக்கே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "செரி" என்றார், அவ்வளவுதான்.

இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, பழம். கல்யாணத்துக்கு அழைக்கப் போகிற கோலம்.

"கிறிஸ்துமஸுக்கு வெத்தலை பாக்காக்கா?"

"வெத்தலை எந்தச் சாமிக்குச் சொந்தம்? எங்க ஊர்ப்பக்கம் வெத்தலை வெக்காம அழைச்சா ஆரும் வரமாட்டாங்க. பேசாம வா."

கொட்டகைக்குப் போனோம். பிள்ளைகள் சாக்கையும் அந்தப் பேனரையும் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சாக்கு விளிம்புக்கு ஓரடி முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றினார். கதவும் இல்லை, நிலையும் இல்லை. ஆனால் கதவு இருப்பதுபோலவே அங்கே நின்று குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, ஊட்டுல இருக்கீங்களா? வரலாங்களா?"

மாதேஷ் என்று ஒரு பையன், லாரிக் கிளீனராக வந்து நடுவழியில் இறக்கிவிடப்பட்டவன். அவன் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகுதான் விளங்கியது. "வாங்க... வாங்க டாக்டரம்மா" என்று எழுந்தவன் சாக்கைக் கையால் தட்டிச் சுத்தம் செய்தான்.

"நாளான்னிக்கு என்ற ஊட்டுல நோம்பிங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லாரும் வந்துரோணும்" என்று சொல்லி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வெற்றிலை வைத்தார். மாதேஷ் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினான். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன். தரை ஜில்லென்று இருக்குமே என்று.

பதினோராவது ஆள் தீபா. பத்தொன்பது வயது, ஒல்லி, வாயைத் திறந்தால் வெட்டுக்கத்தி. அவள் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாமுங்க டாக்டரம்மா."

"ஏன் சாமி?"

"அழைச்சா திருப்பி அழைக்கோணும். எங்கம்மா இருந்தப்போ அப்படித்தான் சொல்லும். எனக்கு எந்த ஊடு இருக்குது, உங்களைக் கூப்பிட? பொய்யா வாங்கமாட்டேன்."

அக்கா வற்புறுத்தவில்லை. திரும்பும்போதுதான் அவளைப் பற்றி எனக்குச் சொன்னார். அம்மா செத்த பிறகு, பதினாறு வயதில் அவளைத் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் பார்த்திருக்கிறார்கள். அவனுக்கு நாற்பது. தாலி வாங்கிய அன்று மலையேறி ஓடி வந்துவிட்டாள். அந்த மாமன் காரவள்ளியில் ஆட்டோ ஓட்டுகிறான். எதிரில் பார்த்தால் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். டெம்போ அவளைக் கொண்டுபோய் இறக்கப்போவதும் அதே காரவள்ளியில்.

மறுநாள் காலை ஒரே பனி, பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியவில்லை. டெம்போ வந்தது. குரங்குக் குல்லாயும் ஜெர்கினுமாக அதிகாரி இறங்கினார், பட்டியலோடு நான். கொட்டகை முன்னால் பத்துப் பேர் நின்றார்கள், பத்துப் பேர் கையிலும் வெற்றிலை பாக்கு. தீபா மட்டும் தூணோரமாக வெறுங்கையோடு நின்றாள். அக்கா எல்லோருக்கும் முன்னால், தட்டோடு.

"என்னம்மா இது கூத்து?" என்றார் அதிகாரி.

"என்ற ஊட்டு ஒறம்பரைங்க சார். நாளைக்கு நோம்பி, வெத்தலை வெச்சு அழைச்சிருக்கறேன். வெத்தலை வாங்குன ஆளைச் சோறு உண்ணாம ஊரை விட்டு ஏத்துனா அந்தப் பாவம் ஆரைச் சேரும்னு நீங்களே சொல்லுங்க."

"இது கவர்மெண்ட் வேலை. குறுக்க நிக்காதீங்க. டிரைவர், கதவைத் திற."

டெம்போக்காரர் மலைக்காரர்தான், ஐம்பது வயதிருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். தை மாசம் என்ற புள்ளைக்குக் கல்யாணம். நாலு பேருக்கு நானும் வெத்தலை வெச்சு அழைக்கோணும். வெத்தலை வாங்குன சனத்தை நான் ஏத்தமாட்டேனுங்க. வேற வண்டி பாத்துக்கங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா நேற்றுச் செய்தது மரியாதை மட்டுமில்லை, கோட்டைச்சுவர் கட்டியிருக்கிறார். அதிகாரிக்கும் உறைத்திருக்க வேண்டும். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், வெற்றிலையின் கனம் தெரியாதவரில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தவர் கண்ணில் தீபாவின் வெறுங்கை பட்டது.

"அந்தப் புள்ளையை அழைக்கலை போலிருக்கே. அதை ஏத்தலாமில்ல?"

டெம்போக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா தட்டைத் தீபாவிடம் நீட்டினார். கீழே போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தும் தலையை ஆட்டினாள். "நேத்தே சொன்னேனுங்களே. நீங்களே, மொறை தப்பி எதையும் வாங்காத ஆளு. நான் மட்டும் தப்பி வாங்கலாமா?"

நீட்டிய தட்டை அக்கா திரும்ப இழுத்துக்கொண்டார். அவருடைய சட்டத்தாலேயே அவரைக் கட்டிப்போட்டுவிட்டாள் அந்தப் பெண். அதிகாரி, "ஏறும்மா" என்று சொல்லி ஓர் அடி எடுத்து வைத்தார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியாது. பட்டியலை டெம்போ பானெட்டின் மேல் வைத்தேன். அக்கா தட்டிலிருந்து இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்தேன். சாக்கு விளிம்பில் செருப்பைக் கழற்றினேன். தரை ஐஸாகத்தான் இருந்தது, இருக்கட்டுமே.

"தீபா, எனக்கும் இந்த ஊர்ல சொந்த ஊடு இல்ல. மாத்தல் வந்தா நாளைக்கே மூட்டை கட்டோணும். ஊடு இல்லாத நான் உன்னை அழைக்கறேன். உனக்கு எப்ப ஊடு வருதோ அப்பத் திருப்பி அழை. எத்தனை வருசமானாலும், எந்த ஊரானாலும் வாரேன்."

"நெசமாலுமா?"

"வாரேன்னு சொல்றேனில்ல?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பின்னால் கட்டியிருந்த கை மெல்ல முன்னால் வந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"நீயுமா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க சார். என்ற ஒறம்பரை."

அக்கா சும்மா விடவில்லை. நேராக அதிகாரி முன்னால் போய், "நீங்களும் வந்துருங்க சார்" என்று தட்டை நீட்டினார். பழக்கதோஷம், அவரும் இரண்டு கையாலும் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஜெர்கின் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அக்கா வீட்டு முற்றத்தில் பந்தி. கோழிக்குழம்பு, குச்சிக்கிழங்குப் பொரியல், சாமைப் பாயசம். பன்னிரண்டு இலைகள், பதினோரு பேர். அதிகாரி வரவில்லை. அவருடைய இலையைக் கடைசிவரை எடுக்கவிடவில்லை அக்கா. "வாங்குன ஆளு வந்தாலும் வருவாரு" என்றார். டெம்போக்காரர் சாயங்காலமாக ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்று, "வரலாங்களா?" என்றார்.

எனக்கு மெமோ வந்தது. 'பணிக்கு இடையூறு செய்தது ஏன்?' என்று கேட்டிருந்தார்கள். 'இடையூறு செய்யவில்லை, விருந்துக்கு அழைத்தேன்' என்று அதே அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அக்காவுக்கு மெமோவெல்லாம் இல்லை, மாசி மாதம் நேரே மாற்றல் உத்தரவு. எங்கேயோ வறண்ட சீமைக்கு. மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிய பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டு, வெளிக்கேட்டைத் தாண்டி, சுற்றி, என் வாசலுக்கு வந்து, "போயிட்டு வாரேன் கண்ணு" என்றார். நான் அழுதேன். "அழுகாதே, மூக்கு செவந்தா நீ நல்லாவே இருக்கமாட்டே" என்றார்.

எனக்கும் பிறகு கீழே மாற்றல் கிடைத்தது. ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது நான் உட்காரும் இடத்தில் முன்னால் கண்ணாடித் தடுப்பு, காகிதம் வாங்க அதில் ஒரு சின்னச் சந்து. போன டிசம்பரில் ஒரு நாள், கூட்டமான நேரம். அடுத்தது யார் என்று பார்க்காமலே சந்து வழியாகக் கையை நீட்டினேன். கையில் ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்தேன். எவர்சில்வர் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம். தட்டுக்குப் பின்னால் தீபா, கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"அரியூர் நாட்டுல ஊடு புடிச்சிருக்கறேனுங்க. வாடகை ஊடுதான், ஆனா வாசல் இருக்குது. இருபத்தஞ்சாந் தேதி நோம்பி. டாக்டரம்மா இப்ப சொந்த ஊருக்கே வந்துட்டாங்க, தாராபுரம் போயி அவங்களுக்கு வெத்தலை வெச்சுட்டுத்தான் வாரேன். கொட்டாயில இப்ப ஆறு பேரு இருக்கறாங்க, அவங்களையும் அழைச்சாச்சு."

நீட்டிய கையை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டினேன். அவள் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, உங்க ஆபீசுக்கு வாசல் இல்லீங்களா? சந்து வழியாக் குடுக்கறதுக்கு நீங்க என்ன பூனையா?"

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நிற்கட்டும் என்று எழுந்தேன். மேசையைச் சுற்றி, கதவைத் திறந்து வெளியே வந்து, அவள் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன்.